கள்ளியேந்தல் வெள்ளத்துரையின் கண்

"பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வாரவன் இந்த ஒடமரத்துக்கிட்ட வாரதுக்குள்ள, அவன் இன்ன ஆளுன்னு நான் சொல்லலேன்னா, அன்னைக்கே கடையப் பூட்டிச் சாவியக் கண்மாயில வீசிட்டுக் காசிக்குப் போறேன்."

கள்ளியேந்தல் டீக்கடை வெள்ளத்துரை இந்தச் சபதத்தைச் செய்தது அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில். சாவி மூழ்கும் அளவுக்குக் கண்மாயில் அப்போது தண்ணீர் கிடையாது. ஆனாலும் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. பெரிய மனிதர் பெரிய வார்த்தை சொல்லும்போது தண்ணீர்க் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை.

இன்ன ஆள் என்று அவர் சொன்னது பெயரை அல்ல, தொழிலையும் அல்ல. வருகிறவர் எந்தத் தெருவில் பிறந்தவர், ஆகவே எங்கே உட்கார வேண்டியவர் என்பதைத்தான். கடைக்கு உள்ளே இரண்டு பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். வெளியே உடைமரம், அதன் தூரில் குத்தவைக்க இடம். மரத்தடிக்காரர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அதைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருப்பார். அவர்களே உருவிக் கழுவி நீட்ட வேண்டும். வெள்ளத்துரை கையை நன்றாக உயர்த்தி, பட்டுவிடாமல், அருவி மாதிரி ஊற்றுவார். ஒரு சொட்டு சிந்தாது. அந்த வித்தையைப் பார்க்கவே சிலர் பெஞ்சில் திரும்பி உட்காருவார்கள்.

இதில் தவறு நேரக் கூடாது. மரத்தடி ஆளை உள்ளே விட்டால் பெஞ்சு காலியாகும். பெஞ்சு ஆளுக்குச் சிரட்டையை நீட்டினால் அரிவாள் வரும். ஆகையால் ஆள் வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே, உரிய பாத்திரத்தில் உரிய டீ தயாராக இருக்க வேண்டும். வானிலை நிலையத்தார் நாளை மழை வருமா என்பதைச் சொல்லத் திணறுகிறார்கள். வெள்ளத்துரை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு ஜீவன் தென்பட்டதுமே அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவார். அந்தச் சீமையில் இது பெரிய கல்வி. இதற்குப் பட்டம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இல்லாததுதான் குறை.

அவருக்கு இடைஞ்சலாக இருந்தது கானல் ஒன்றுதான்.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் கரிசல் காடு முழுக்கக் கானல் ஓடும். அருப்புக்கோட்டை ரோடு தூரத்தில் தண்ணீராகிவிடும். மதியத்து பஸ் அதன் மேல் மிதந்து வந்து, தூரத்திலேயே நின்று, சத்தமில்லாமல் ஆட்களை உதிர்த்துவிட்டுத் திருச்சுழிப் பக்கமாகக் கரைந்துபோகும். இறங்கியவர்களுக்கு முதலில் தலை மட்டும் உண்டாகும். அப்புறம் நெஞ்சு, அப்புறம் இடுப்பு. காலே இல்லாமல் கொஞ்ச தூரம் மிதந்து வருவார்கள். அந்த நேரத்தில் பண்ணையாரும் பருத்தி எடுக்கப் போகிறவரும், வீரசோழன் மிளகாய் வியாபாரி மீரா சாகிபுவும், எல்லாரும் ஒரே நெளிவாக நெளிவார்கள். வெள்ளத்துரைக்கு யார் எவர் என்று பிடிபடாது. ரோட்டு முக்கு தாண்டியதும் அவர்களுக்குக் கால் முளைக்கும். பார்த்த மாத்திரத்தில் கை தானாகக் கிளாஸுக்கோ எரவாணத்துக்கோ போகும்.

இப்படிப்பட்ட கண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சோதனை வந்தது, அறுபத்தொன்பதாம் வருஷம்.

ஊர் பழக்கவழக்கங்களை ஆராய்ச்சி செய்ய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் வந்து சில மாதம் தங்கப் போகிறார் என்று மதுரையிலிருந்து தகவல். ஊராட்சித் தலைவர் காசிராஜன் செவ்வந்தி மாலையும் எலுமிச்சம் பழமுமாக டீக்கடையில் வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளத்துரை, பாத்துச் சொல்லுப்பா. மாலைய ஆள் மாத்திப் போட்டுட்டா ஊரு மானம் கப்பலேறிரும்."

"தலைவரே, நம்ம கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கால் தெரியட்டும், சொல்றேன்."

பஸ் வந்தது. கானலுக்குள்ளிருந்து இரண்டு தலை உண்டாயிற்று. கால் முளைப்பதற்கு முன்பே வெள்ளத்துரை சிரித்துவிட்டார்.

"நெட்டையா, செவசெவன்னு, கைய வீசிட்டு வாராகளே, அவுகதான் அமெரிக்கா. பின்னால ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு வாரான் பாருங்க, கருகருன்னு, சுருட்ட முடியோட. அவன் சிலோன்லேர்ந்து வந்தவன். தேயிலத் தோட்டத்துல இருந்தவுகளக் கப்பலேத்தி அனுப்புறாகள்ல, அந்தக் கூட்டம். பாவம், பெட்டி தூக்கப் பிடிச்சிட்டு வந்திருக்காக."

காசிராஜன் ஓடிப்போய்ச் சிவந்த மனிதர் கழுத்தில் மாலையைப் போட்டார். கூட ஓடிய ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். சிவந்த மனிதர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறையச் செவ்வந்தி.

பெட்டி தூக்கியவரை யாரும் கவனிக்கவில்லை. அவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, இருந்த ஒரே நிழலான உடைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"ஐயா, தாகமாக இருக்கிறது. அருந்துவதற்குத் தேநீர் கிடைக்குமா?"

வெள்ளத்துரை பெஞ்சுக்காரர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டீகளா தமிழ? அச்சு அசல் சிலோன்."

புது ஆளுக்குச் சிரட்டை இருக்கும் இடம் தெரியாது. பக்கத்தில் குத்தவைத்திருந்த ஆவுடைத்தாய்தான் ஒன்றை உருவிக் கழுவிக் கொடுத்தார். கீழத்தெருவிலிருந்து பருத்திக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர் அவர். ஒரு குரல் கொடுத்தால் மூன்று காட்டுக்கு அப்பால் இருக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். டீ அருவியாக இறங்கியது.

"அண்ணே, கீழ வச்சிராதீக," என்றார் ஆவுடைத்தாய். "சிரட்டைக்கு அடி நெலையில்ல, கவுந்துரும். வாங்கிட்டா குடிச்சு முடிக்கிற வரைக்கும் கையிலயே இருக்கணும். மூக்கு அரிச்சாக் கூடச் சொறிய முடியாது."

பெட்டி தூக்கியவர் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில்தான் மாலைக்காரர் பூவைத் துப்பி முடித்தார்.

"ஐயா! அவுகதான் புரொபசரு! நான் சௌந்தரபாண்டியன், மதுரை! காலேஜ்ல தமிழ் வாத்தியார்! எனக்கு முதுகுப் பிடிப்புன்னு எம் பெட்டியையும் அவுகளே தூக்கிட்டு வந்தாக!"

ஒருவர் கழுத்தில் விழுந்த மாலை இன்னொருவருக்கு ஆகாது. வேறு மாலைக்கு அருப்புக்கோட்டைதான் போக வேண்டும். காசிராஜன் வெறும் எலுமிச்சம் பழத்தோடு மரத்தடிக்கு வந்தார். வந்தவர் நிழலின் ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

"மன்னிக்கணும். உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏலே வெள்ளத்துரை, கிளாஸக் கழுவுலே!"

"பொறுங்கள்," என்றார் பேராசிரியர் டாட்சன். "இதைக் கீழே வைக்க முடியாதாம். குடித்துவிட்டு வருகிறேன்." ஒரு வாய் குடித்தார். பிறகு வெள்ளத்துரையைப் பார்த்து, தன்னுடைய சுத்தமான தமிழில் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் நாட்டில் கறுப்பர் என்று என் தகப்பனாரை உணவுக்கடையின் பின்வாசலில் நிறுத்தித்தான் சோறு கொடுப்பார்கள். நான் பாதி உலகத்தைச் சுற்றி வந்தேன். நீங்கள் பார்த்த மாத்திரத்தில் அதே வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டீர்கள். அருமையான கண் ஐயா உங்களுக்கு."

மற்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். வெள்ளத்துரை நிமிர்ந்தார். அவருக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் ஒடுங்கியிருந்தது அதுவரைதான். அமெரிக்காவே சான்றிதழ் கொடுத்துவிட்டதே! அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீயோடு சேர்த்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

டாட்சன் பள்ளிக்கூடத்தின் பூட்டிய அறை ஒன்றில் தங்கினார். காலையில் ஒரு டீ மரத்தடியில், சாயந்தரம் ஒரு டீ பெஞ்சில் என்று வைத்துக்கொண்டார். இதில் ஊர் குழம்பிப் போயிற்று. இரண்டு இடத்திலும் உட்காருகிற ஆளை எங்கே உட்கார வைப்பது? வெள்ளத்துரை மட்டும் குழம்பவில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று விளக்கம் சொன்னார். இப்போது அவரும் ஆராய்ச்சியைச் சேர்ந்தவர்.

"எப்படி ஐயா கண்டுகொள்கிறீர்கள்?" என்று டாட்சன் ஒருநாள் கேட்டார்.

வெள்ளத்துரை தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்தார். "துண்டு தோள்ல இருந்தா ஒரு ஆளு, கக்கத்துல இருந்தா ஒரு ஆளு. செருப்பு கால்ல இருந்தா ஒரு ஆளு, கையில இருந்தா ஒரு ஆளு. பெஞ்சப் பாத்து நடந்தா ஒண்ணு, மரத்தப் பாத்து நடந்தா ஒண்ணு. எல்லாம் காலத்தான் பாக்கணும் சார். மூஞ்சி பொய் சொல்லும், காலு சொல்லாது."

"உங்களைக் கண்டுகொள்ள எதைப் பார்க்க வேண்டும்?"

"என்னையவா?" வெள்ளத்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னைய எதுக்குப் பாக்கணும்? நான் பாக்குறவன்ல?"

டாட்சன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வெள்ளத்துரையும் சிரித்தார். இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரிப்பதாக வெள்ளத்துரை நினைத்தார்.

ஊரை விட்டுக் கிளம்புகிற சமயத்தில் டாட்சன் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தார். எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஊராருக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். காசிராஜன் மண்டையைச் சொறிந்தார். "எழுதுறது இவரு. படிக்கப் போறது அமெரிக்காக்காரன். நடுவுல நமக்கு என்ன சோலி?" என்றாலும் விருந்தாளி ஆசைப்படுகிறார். எம்.ரெட்டியபட்டியிலிருந்து மைக்செட் வந்தது. பள்ளிக்கூடத்துத் திடலில் நாற்காலி போட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் தரை, தரைக்கும் வெகு பின்னால் கிணற்றுமேட்டில் கீழத்தெரு ஜனங்கள். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. அவரவருக்குத் தெரியும்.

டாட்சன் ஒவ்வொரு பகுதியாகத் தன் தமிழில் படிக்க, சௌந்தரபாண்டியன் அதை ஊர்த் தமிழாக்கிச் சொன்னார். கள்ளியேந்தலின் கண் என்று ஒரு பகுதி வந்தது. டீக்கடைக்காரர் ஒருவருக்கு அதிசயமான பார்வை இருக்கிறது, அந்தப் பார்வைதான் ஊரை இரண்டாகப் பிரித்து நடத்துகிறது என்று எழுதியிருந்தார். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று வெள்ளத்துரை யோசிக்கவில்லை. பேர் வருகிறது, அதுவும் மைக்செட் குழாயில் வருகிறது. துண்டைச் சரி பண்ணிக்கொண்டார்.

"இதில் பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்," என்றார் டாட்சன்.

நாற்காலிகள் பிழை இல்லை என்று தலையாட்டின. கிணற்றுமேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

"எல்லாஞ் சரி சார். ஒண்ணு மட்டும் தப்பு."

"ஏ ஆவுடை, பெரியவுக இருக்கையில என்ன சத்தம்?" என்றார் காசிராஜன்.

"அவர்கள் சொல்லட்டும்," என்றார் டாட்சன்.

"கண்ணு கண்ணுன்னு எழுதிருக்கீகளே," என்றார் ஆவுடைத்தாய், "அவரு எங்க சார் கண்டுபிடிச்சாரு? நாங்கல்ல ரோட்டு முக்குலயே குனிஞ்சு செருப்பக் கழட்டிக் கையில எடுத்து, துண்டக் கக்கத்துல இடுக்கி, இன்னார் வாரோம் இன்னார் வாரோம்னு சொல்லிக்கிட்டே வாரோம்! அதக் கேட்டுக்கிட்டு அவரு செரட்டைய எடுக்காரு. இதுக்குக் கண்ணு எதுக்கு? ஒரு நா சொல்லாம வந்து பாத்தா தெரியும், அவுக கண்ணு!"

கிணற்றுமேடு சிரித்தது. தரை சிரித்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நாற்காலியிலும் ஒன்றிரண்டு குலுங்கின. டாட்சன் பேனாவை எடுத்து அந்தப் பகுதியில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

வெள்ளத்துரைக்கு வீடு கொள்ளை போனது போல இருந்தது. வாழ்நாளில் அவருக்கு என்று இருந்த ஒரே சொத்து, குழாயில் அறிவித்து, எல்லாரும் பார்த்திருக்க, கிணற்றுமேட்டுக்குக் கைமாறிவிட்டது.

டாட்சன் போய்விட்டார். புத்தகம் வந்தது என்றார்கள், யாரும் பார்த்ததில்லை. ஊரில் மிஞ்சியது அந்தக் கேலி ஒன்றுதான். மீரா சாகிபு மிளகாய் மூட்டை விஷயமாக வரும்போதெல்லாம் கேட்பார்: "என்ன வெள்ளத்துரை, நான் சொல்லிட்டு வந்திருக்கேனா, சொல்லாம வந்திருக்கேனா?"

"நீங்க வேற பாய், சும்மா இருங்க," என்பார் வெள்ளத்துரை. கிளாஸில் சீனியை வேகமாகக் கலக்குவார்.

மதியத்தில் பஸ் வருவதற்கு முன் கடை தூங்கி வழியும். அடுப்பு மட்டும் முனகிக்கொண்டிருக்கும். வெள்ளத்துரை கல்லாவில் தலையைச் சாய்த்தால் ஒரே கனவுதான் வரும். ஒரு பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய், கடலெல்லாம் தாண்டி, ஒரு முக்கில் இறக்கிவிடும். கரிசல் காடுதான், ஆனால் அமெரிக்கா. தூரத்தில் ஒரு கடை. வாசலில் ஒருவன் நின்று அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவருக்குச் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாது. கழற்றக் குனிவார், கால் இருக்காது. இடுப்புக்குக் கீழே வெறும் கானல் ஓடிக்கொண்டிருக்கும். கையில் எப்படியோ ஒரு சிரட்டை வந்திருக்கும். வைக்க இடம் தேடித் தேடி நடப்பார். விழித்துக்கொள்ளும்போது விரல்கள் மடங்கிப் பிடித்தபடியே இருக்கும்.

விழித்ததும் ரோட்டைப் பார்ப்பார். பஸ் வரும், ஆட்கள் மிதந்து வருவார்கள். அவர்களுக்குக் கால் முளைக்கும் இடம் என்று இத்தனை வருஷமாக அவர் நினைத்திருந்தது, அவர்கள் குனிகிற இடம். இப்போது அது தெரிந்தது. குனிந்து நிமிரும்போது கையில் செருப்பு. சிலர் நிமிரவே மாட்டார்கள், அப்படியே வருவார்கள். தெரிந்த பிறகும் அவர் கை எரவாணத்துக்குப் போகத்தான் செய்தது. கைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

எழுபத்து நாலில் மழை பொய்த்தது. பருத்தி முளையிலேயே கருகியது. பஞ்ச நிவாரணம் என்று ரோட்டு வேலை நடந்தது. கொதிக்கிற ஜல்லியில் வேலை செய்கிறவர்கள் டயர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஊர் முக்கு வரைக்கும் காலில், அப்புறம் கையில்.

ஒருநாள் ஆவுடைத்தாய் காரியாபட்டிக்கு ரோட்டு வேலைக் கூலி விஷயமாக மேலதிகாரியைப் பார்க்கப் போய்விட்டு மதியத்து பஸ்ஸில் திரும்பினார். கடையில் காசிராஜன் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீரா சாகிபு. எதிர் பெஞ்சில் மேலத்தெரு ஆட்கள்.

கானலுக்குள் ஒரு தலை உண்டாயிற்று. நெஞ்சு, இடுப்பு. வெள்ளத்துரையின் கை வழக்கம் போல எரவாணத்துக்குப் போய்ச் சிரட்டையை உருவியது.

முக்கு வந்தது. அந்த உருவம் நின்றது. குனியப் போகிறது என்று வெள்ளத்துரை காத்திருந்தார். அது குனியவில்லை. சேலைத் தலைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தது. சரக், சரக் என்று டயர் செருப்புச் சத்தம் ரோட்டில் வந்தது. மரத்தைப் பார்த்து வரவில்லை. நேராக வந்தது.

எதிர் பெஞ்சில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது. கடையிலிருந்து இன்ன ஆள் என்று ஒரு வார்த்தை போதும். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். கீழத்தெருவில் ஒருவருக்கும் மழை பெய்தாலும் இனிக் காட்டு வேலை கிடைக்காது. வார்த்தை வராவிட்டால் வெள்ளத்துரையின் பெஞ்சு காலியாகும்.

"யாருலே அது, செருப்புக் காலோட?" என்றார் காசிராஜன். திரும்பவில்லை. பார்ப்பது அவர் வேலை இல்லை. "ஒனக்குத்தான் கண்ணு இருக்குல்ல. சொல்லு."

வெள்ளத்துரை நெற்றியில் கையை வைத்து ரோட்டைப் பார்த்தார். உடைமரத்தின் நிழல் வரைக்கும் வந்துவிட்ட அந்த முகத்தை அவர் தினந்தினம் பார்த்திருக்கிறார். தாடையில் அரிவாள் பட்ட தழும்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், நரைத்த முன்மயிர். அவருக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. கால் மட்டும், அது ஒன்றுமே சொல்லவில்லை.

கையிலிருந்த சிரட்டையை எரவாணத்தில் திரும்பச் செருகினார்.

"தெரியலையே தலைவரே," என்றார். "ஒரே கானலா இருக்கு. கண்ணும் மங்கிப் போச்சு. அசலூர்க்காரவுக யாரோ போல." பிறகு மரத்துப் பக்கம் பார்த்து, "வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க," என்றார்.

காசிராஜன் இப்போது திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இனி அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த வேலையை அவர் இதுவரை செய்ததில்லை, அதற்கென்று ஒரு ஆள் இருந்தார். வாய் நிறைய டீ வேறு இருந்தது. மீரா சாகிபு என்னவோ மூட்டுவலிக்காரர் மாதிரி மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். பெஞ்சில் ஓரமாக ஒரு இடம் உண்டாயிற்று. எதிர் பெஞ்சுக்காரர்கள் எழுந்து போனார்கள். காசிராஜன் போனாரா இருந்தாரா என்பதில் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

ஆவுடைத்தாய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். கை இன்னும் சேலைத் தலைப்பை விடவில்லை. வெள்ளத்துரை கிளாஸைக் கழுவி, டீயை ஊற்றி, கையைத் தாழ்த்தி நீட்டினார். கொஞ்சம் சிந்தியது.

ஆவுடைத்தாய் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி பத்தாது, மொதலாளி."

மரத்தடியில் இத்தனை வருஷமாக அப்படி யாரும் சொன்னதில்லை. சபதப்படி வெள்ளத்துரை கடையைப் பூட்டிக் காசிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். அவர் சீனி டப்பாவைத் தேடினார்.

அவர் எடுத்துக்கொண்டு வரும் வரைக்கும் ஆவுடைத்தாய் கிளாஸைக் கையிலேயே பிடித்திருந்தார். அப்புறம் நினைவு வந்தவர் போல அதைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கையை மெல்ல எடுத்தார்.

கிளாஸ் நின்றது.